குழந்தையின் கொந்தளிப்பை ஆற்றுவது எப்படி: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில், மாலை ஆறரை மணிக்குக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் வாசலில், "இன்று முழுவதும் சமர்த்தாக இருந்தாள்" என்று சொல்லி ஆசிரியை ஒப்படைத்த என் நான்கு வயது மகள், மின்தூக்கியின் பொத்தானை அண்ணன் முந்திக்கொண்டு அழுத்திவிட்டான் என்பதற்காகத் தரையில் விழுந்து, காலணியைக் கழற்றி எறிந்து, எங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதும் கேட்கும்படி அலறியபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணத்தில் அவளை அதட்டினேன்; அலறல் இரட்டித்தது. அந்தப் பொத்தான் காரணமே இல்லை என்பது எனக்குப் புரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. காலையிலிருந்து வரிசையில் நின்று, பொம்மையை விட்டுக்கொடுத்து, தூக்கம் வராத நேரத்தில் படுத்து, பிடிக்காத காய்கறியை விழுங்கி, பிறர் சொன்னபடியெல்லாம் நடந்துவிட்டு வரும் குழந்தை, அம்மாவின் முகத்தைக் கண்டதும்தான் தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. ததும்பிக்கொண்டிருந்த குடத்தை அந்தப் பொத்தான் லேசாகத் தட்டிவிட்டது, அவ்வளவே.

தமிழில் சூடான பாலும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. அழுபவருக்கு நாம் சொல்வதும் ஆறுதல்தான். காப்பிக்கடையில் கொதிக்கக் கொதிக்க வரும் தேநீரை மூடி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். உயரத் தூக்கி ஊற்றி ஆற்றினால்தான் குடிக்கும் பதத்துக்கு வரும். கொந்தளிக்கும் குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியதும் அதுவே என்பதுதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்து நான் கற்றுக்கொண்டது. முதலில் ஆற்ற வேண்டும், அறிவுரை அதற்குப் பிறகு வர வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டுமே நடக்காது.

அடமா, கொந்தளிப்பா?

இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் உண்டு. அது அழுதுகொண்டே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், நாம் அறையை விட்டு நகர்ந்தால் எழுந்து பின்னால் வந்து மறுபடி அழும், கேட்ட மிட்டாய் கைக்கு வந்தால் அழுகை சட்டென்று நின்றுவிடும். கொந்தளிக்கும் குழந்தைக்கு அத்தகைய நோக்கம் எதுவும் இருப்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் தட்டிவிடும், கொடுக்காவிட்டாலும் அலறும், யார் பார்க்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. அடமாகத் தொடங்கியது கொந்தளிப்பாக மாறுவதும் அன்றாடம் நடப்பதுதான். ஆகவே ஒன்றைச் சரியாக அடையாளம் காண முடியவில்லையென்றால், கொந்தளிப்பு என்றே எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது என்பது என் கருத்து. அடம் பிடிக்கும் குழந்தையிடம் அமைதியாக இருந்ததால் எந்தக் கேடும் வந்துவிடாது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பிவிடும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி சிறு வயதிலேயே முனைப்பாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆனால் "பொறு, யோசி" என்று கடிவாளம் போடும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அட்ரினலின் சுரந்து, இதயம் படபடத்து, மூச்சு மேலோட்டமாக ஓடும் அந்த நேரத்தில் குழந்தையின் காதில் சொற்கள் விழலாம், பொருள் ஏறாது. ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இது மிகுதியாக இருப்பதற்குக் காரணம், ஆசைகள் வளர்ந்த வேகத்தில் அவற்றைச் சொல்லும் மொழி வளராததே. நான்கு வயதுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் இது மெல்லக் குறையும்.

முதற்படி: உங்கள் உடலைத் தணியுங்கள்

தோளில் தொங்கும் பையைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். இப்படி மூன்று முறை செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிவது உடலின் இயல்பு. குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்தக் கற்றுக்கொள்ளாத வயதில், அருகிலிருக்கும் பெரியவரின் குரல், முகம், மூச்சு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டுதான் தணிகிறது. நாம் நடுங்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

உங்களுக்கே கோபம் தலைக்கேறிவிட்டால், வீட்டிலிருக்கும் வேறொருவரிடம் பொறுப்பை மாற்றிவிடுங்கள். தனியாக இருந்தால், குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் கண்ணில் படும்படி அடுக்களை வாசலில் ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளில் இன்றும் பிரம்பு தொங்குகிறது, நம்மில் பலர் அதன் சுவடோடு வளர்ந்தவர்கள்தாம். அடித்தால் சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் நின்றது சத்தம் மட்டுமே. உள்ளே இருந்த கொதிப்போடு நம்மைக் குறித்த பயமும் சேர்ந்துகொள்கிறது. நான் ஒருமுறை கையை ஓங்கியபோது மகள் சட்டென்று அடங்கினாள். அந்த அடங்குதலில் அவள் முகம் வெளிறிப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

இரண்டாம் படி: இடத்தைச் சரிசெய்யுங்கள்

மின்படிக்கட்டு, ரயில் மேடை, சாலையோரம், சூடான சூப்புக் கிண்ணங்கள் நகரும் உணவங்காடி நிலையம் ஆகிய இடங்களில் முதல் வேலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்வதே. "நான் உன்னைத் தூக்குறேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுத் தூக்குங்கள். எம்ஆர்டி ரயிலில் நெரிசல் நேரத்தில் தொடங்கிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள். அடுத்த ரயில் சில நிமிடங்களில் வந்துவிடும், வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம் நமக்குத்தான். மேடையின் ஓரத்தில், கூட்டம் குறைந்த முனையில் உள்ள இருக்கை போதும். ஒரு மாலை தோபி காட் நிலையத்தில் அப்படி இறங்கி, மூன்று ரயில்களை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினோம். கடைத்தொகுதியென்றால் மாடிப்படிக்கட்டுப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குடியிருப்புப் பேட்டையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண் மறைவுக்குப் போய்விடலாம்.

வீட்டிலென்றால் கையெட்டும் தூரத்திலுள்ள கனமான பொருள்களை அகற்றுங்கள். நம்மில் பெரும்பாலோர் உயரமான மாடிகளில் வசிக்கிறோம். ஜன்னல் கம்பிக் கதவு பூட்டியிருக்கிறதா, தாழ்வாரப் பக்கக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எறிவதும் ஓடுவதுமாக இருக்கும் குழந்தை எங்கே ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அக்கறையோடு இனிப்பை நீட்டும் ஆண்ட்டியிடம் ஒரு புன்னகையும் "பரவாயில்லை, நன்றி" என்ற ஒரு சொல்லும் போதும்.

மூன்றாம் படி: சொல்லைக் குறைத்து, அருகில் இருங்கள்

புதிய பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நானும் இங்கேதான் தடுமாறினேன். அமைதியாகப் பேச வேண்டும் என்று கேள்விப்பட்டு, அலறும் குழந்தையிடம் அமைதியான குரலில் நீண்ட விளக்கங்கள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் சின்னப் பிள்ளைதான், நாளைக்கு நீ அழுத்தலாம், பொத்தானுக்காக யாராவது அழுவார்களா என்று நான் அடுக்கிய ஒவ்வொரு நியாயமும் அவளுக்கு இன்னொரு சத்தமாக மட்டுமே போய்ச் சேர்ந்தது.

குழந்தையின் உயரத்துக்கும் கீழே இருக்கும்படி தரையில் உட்காருங்கள். நேருக்கு நேர் முகத்தைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு மிரட்டலாகப் படும். பக்கவாட்டில் உட்காருவது நல்லது. மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போகாத வாக்கியங்களைச் சொல்லி, இடையில் நிறைய மௌனம் விடுங்கள். "அம்மா இங்கதான் இருக்கேன்." "ரொம்பக் கோவமா இருக்கு, இல்ல?" "நீ அழுத்தணும்னு நினைச்சே." இவ்வளவு போதும். "ஏன் அழறே?" என்று கேட்காதீர்கள், காரணத்தைத் தேடிச் சொல்லும் நிலையில் அது இல்லை, விடை சொல்ல முடியாத கேள்வி இன்னும் ஒரு சுமையாகும். "அழாதே", "இதெல்லாம் ஒரு விஷயமா", "பாப்பாவைப் பாரு, எவ்வளவு சமர்த்தா இருக்கு" ஆகிய மூன்றையும் வீட்டிலிருந்தே நீக்கிவிடலாம்.

அடிக்கவோ கடிக்கவோ வந்தால் மணிக்கட்டை மென்மையாகப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். கோபம் கொள்வதற்கு அனுமதி உண்டு, அடிப்பதற்கு இல்லை என்ற வேறுபாட்டைக் குழந்தை பல நூறு முறை கேட்ட பிறகே உள்வாங்கும். கட்டிக்கொள்ளலாமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். என் மகனை இறுக அணைத்தால் உடல் தளர்ந்துவிடும். மகளைத் தொட்டாலே துள்ளுவாள், அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்தக் குழந்தையானாலும் பிடித்து அமுக்குவது உதவாது.

எந்த மொழியில் பேசுவது என்பது இங்கே வளரும் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. பள்ளியில் ஆங்கிலம் பேசி, வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் "தமிழ்ல சொல்லு" என்று திருத்துவது கொடுமை. எந்த மொழியில் வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நாம் ஆற்றும் மொழி நமக்கு இயல்பாக வரும் மொழியாக இருக்கட்டும். தொட்டிலில் கேட்ட "ஜோ ஜோ", "ஒண்ணும் இல்லடா கண்ணு", "அம்மா இருக்கேன்டா" ஆகிய ஓசைகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையின் உடலும் இசைந்து தளர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இயல்பான காலத்தில் ஏமாற்றம், பொறாமை, அலுப்பு, ஏக்கம், வெட்கம் ஆகிய சொற்களையும் பழக்கி வையுங்கள். கோபம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையால் இத்தனை உணர்வுகளையும் சொல்ல முடியாது.

நான்காம் படி: காத்திருங்கள்

சிறு பிள்ளைகளின் கொந்தளிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும், நமக்குத்தான் அது மணிக்கணக்காகத் தோன்றும். கோபத்தின் வீறிடல் குறைந்து விம்மலாக மாறுவது முதல் அறிகுறி. பிறகு தேம்பல், ஒரு நீண்ட பெருமூச்சு, நம் மடியைத் தேடும் கை. விம்மல் தொடங்கியதும் மகிழ்ந்துபோய்ப் பேச ஆரம்பித்தால் மறுபடி கொதிக்கும். அந்தப் பெருமூச்சுக்காகக் காத்திருங்கள்.

கைப்பேசியைக் கொடுத்தால் அழுகை உடனே நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவசரத்துக்கு ஒருநாள் கொடுத்துவிட்டதற்காக யாரும் மனம் நோக வேண்டாம். அதுவே வழக்கமானால், கொந்தளிப்பிலிருந்து தானாக இறங்கி வரும் பயிற்சி குழந்தைக்குக் கிடைக்காமலே போகும். சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல், 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஐந்தாம் படி: ஆறிய பிறகு

முதலில் தண்ணீர், பிறகு பசியிருந்தால் உணவு. உடலில் சுரந்த வேதிப்பொருள்கள் வடியக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் அரைமணி நேரத்துக்காவது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது இரவு விளக்கணைத்த பிறகு நடக்கும் பேச்சு. இருட்டில் முகம் தெரியாததால் மகள் தாராளமாகப் பேசுவாள். நடந்ததை ஒரு கதைபோல நான்கு வரியில் சொல்லி, "அடுத்த தடவ அப்படி வந்தா என்ன செய்யலாம்?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வேன். எறிந்த காலணியை அவளேதான் எடுத்து அடுக்க வேண்டும், நான் கூட நிற்பேன். நான் கத்தியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்பேன்.

மறுத்ததை மறுத்ததாகவே விடுங்கள். ஆற்றுவது என்பது இணங்கிப்போவது ஆகாது. உணவுக்கு முன் ஐஸ்கிரீம் இல்லை என்று சொல்லியிருந்தால், அரைமணி நேர அழுகைக்குப் பிறகும் அது இல்லைதான். அந்த இல்லையைத் தாங்கிக்கொள்ள உதவுவதே நம் வேலை.

மூச்சுப் பயிற்சியை அமைதியான நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உள்ளங்கையில் மெல்ல ஊதச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளையும் செய்யும். இரண்டு மூன்று வாரம் விளையாட்டாகப் பழகிய பிறகுதான் கொந்தளிப்பின் தொடக்கத்தில் அது கைகொடுக்கும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு குறிப்பேடு

இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் நேரம், இடம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்திய இரவு தூங்கியது எவ்வளவு, தொடங்குவதற்குச் சற்றுமுன் நடந்தது என்ன, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை எழுதுங்கள். எங்கள் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் இருந்தன. நிலையத்தின் வாசலிலேயே ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து, "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்காமல் பத்து நிமிடம் விளையாட்டிடத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வரத் தொடங்கியபோது அவை வெகுவாகக் குறைந்தன.

தூக்கம் பெரிய காரணம். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும், இரவு உணவே எட்டரைக்கு முடியும் நம் வீடுகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. சத்தமும் வெளிச்சமும் சில பிள்ளைகளை எளிதில் நிரப்பிவிடும். தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் சிராங்கூன் சாலைக் கூட்டம், திருமண மண்டபத்தில் தவிலுக்கு அருகிலுள்ள மேசை, கழிவறைகளில் திடீரென்று இரையும் கை உலர்த்தி ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்லி அழைத்துச் செல்லலாம், அல்லது காதை மூடும் ஒலித்தடுப்பானைப் பையில் வைத்துக்கொள்ளலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு ஞாயிறு மாலைக்குப் பதில் வார நாள் காலையில் போனால் எல்லாருக்கும் நிம்மதி.

வீட்டிலுள்ள பெரியவர்களும் பணிப்பெண்ணும் ஒரே முறையைப் பின்பற்றுவது அவசியம். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று மாமியார் சொல்லும் நேரத்தில் விவாதம் வேண்டாம். "அத்தை, அஞ்சு நிமிஷம் நான் பாத்துக்கிறேன், அப்புறம் உங்ககிட்ட வருவா" என்று சொல்லி, ஆறிய பிறகு குழந்தையைப் பாட்டியின் மடிக்கே அனுப்புங்கள். கண்பட்டுவிட்டது என்று அவர் சுற்றிப்போட விரும்பினால் அதையும் அலறல் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணிப்பெண்ணுக்கு இந்த முறையை மூன்று வரியில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

தொடக்கப்பள்ளி வயதில் இது வடிவம் மாறும். எழுத்துக்கூட்டல் பயிற்சித்தாளைக் கிழிப்பதும், துணைப்பாட வகுப்புக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று அழுவதும் அதே கொந்தளிப்பாக இருக்கலாம். பாடத்தை அப்போதே முடித்தாக வேண்டும் என்று நிற்காதீர்கள். பெற்றோரிடம் சொல்ல முடியாததைப் பேச, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் உதவித் தொலைபேசி எண் 1800-2744-788.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்

சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒரே நாளில் ஐந்து முறைக்கு மேல் வருவதும் அப்படிப் பல நாள் தொடர்வதும், தலையை மோதிக்கொள்வது அல்லது தன்னையே கடித்துக்கொள்வது, ஒவ்வொரு முறையும் பிறரை வன்மையாகத் தாக்குவது, பெரியவர் உதவியின்றி ஒருபோதும் தணியாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். பேச்சு தாமதமாகியிருந்தாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலோ, சில ஒலிகளும் துணிகளும் தாங்க முடியாதவையாக இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். திடீரென்று புதிதாகத் தொடங்கினால் காதுவலி, காய்ச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அழுது அழுது மூச்சை நிறுத்தி, உதடு நீலம்பாரித்து, சில நொடிகள் மயங்கும் பிள்ளைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் காணப்படும் இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். மூச்சு உடனே திரும்பாவிட்டாலோ வலிப்பு வந்தாலோ 995 எண்ணை அழையுங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு இருப்பதால், முதன்முறை நேர்ந்ததும் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி வயதுக்கு முன்பே தொடக்ககாலத் தலையீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்தின் பிற சுமைகளுக்கு வட்டாரக் குடும்பச் சேவை நிலையமும், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இருக்கின்றன. குழந்தையின் அலறலில் உங்கள் மனமே தளர்ந்துபோகிறதென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மருத்துவரிடம் போகும் நாளில் குழந்தையின் சுகாதாரக் கையேட்டையும் இரண்டு வாரக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். ஆலோசனை அறையில் குழந்தை அமைதியாகத்தான் இருக்கும் என்பதால், வீட்டில் நடந்ததை ஒருமுறை முப்பது நொடி காணொளியாகப் பதிந்து வைத்திருந்தால் அவருக்கு அது மிகவும் உதவும்.